உளச்சிகிச்சையில் மூச்சும் ஆசனமும்: உளவளத்துணையாளருக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மனம் நொந்தவர்கள் பெரும்பாலும் உடம்பைத்தான் முதலில் வைத்தியரிடம் கொண்டு செல்கிறார்கள். தலையிடி, நெஞ்சு படபடப்பு, நாரி நோ, கைகால் விறைப்பு, நித்திரையின்மை, காரணமில்லாமல் வரும் பெருமூச்சு என்று முறைப்பாடுகள் நீளும். ஈசிஜி எடுத்து, இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டு, பல மாதங்கள் அலைந்த பின்னரே ஒருவர் உளவளத்துணையாளரின் முன்னால் வந்து அமர்கிறார். அப்படி வந்தவரிடம் நடந்ததைச் சொல்லுமாறு உடனே கேட்பதைவிட, அவர் தன்னோடு கொண்டுவந்திருக்கும் உடம்பிலிருந்து தொடங்குவதே அவருக்கும் இலகு, நமக்கும் பயன் தருவது.

மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் உளச்சிகிச்சைக்கு மாற்றாக மாட்டா. பேச முடியாதிருப்பவரைப் பேசக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதும், பேசும்போது குலைந்துபோகாமல் தாங்குவதும், பேசி முடிந்தபின் அமைதியாக வீடு திரும்பச் செய்வதுமே அவற்றின் வேலை. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களையும் மனநலப் பணியாளர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. தமக்காக வாசிப்பவர்கள் நிலத்தில் ஊன்றுதல், வெளிமூச்சு, உடலசைவு ஆகிய மூன்று படிகளையும் தனியே செய்யலாம். பழைய நினைவுகளைத் தொடும் ஆறாம் படியைத் துணையின்றிச் செய்ய வேண்டாம்.

மூச்சு எப்படி மனத்தைத் தொடுகிறது

இதயத் துடிப்பு, சமிபாடு, வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை நாம் நினைத்தவுடன் மாற்ற முடியாது. அவற்றை இயக்குவது தன்னியக்க நரம்புத் தொகுதி. தானாகவும் நடந்து, நாம் விரும்பினால் எளிதில் நம் கைக்கும் வருவது மூச்சு. ஆபத்து என்று மூளை கணித்தவுடன் அந்தத் தொகுதியில் உடம்பை ஆபத்துக்கு ஆயத்தப்படுத்தும் பரிவுப் பகுதி விழித்துக்கொள்கிறது, அதிரினலின் சுரக்கிறது, மூச்சு நெஞ்சின் மேற்பகுதிக்கு ஏறி விரைவும் ஆழமின்மையும் கொள்கிறது. உண்மையான ஆபத்தில் ஓடவோ எதிர்க்கவோ இது உதவும். ஆபத்து நீங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், கோயில் திருவிழா வெடிக்கோ தாழப் பறக்கும் விமானத்துக்கோ உடம்பு அதே ஆயத்தத்தைச் செய்யுமானால் அதுவே நோயாகிறது. தேவைக்கு மேல் விரைவாக மூச்சு விடுபவரின் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால் தலைசுற்று, விரல்நுனி விறைப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியன உண்டாகின்றன. அவற்றை மாரடைப்பு என்று எண்ணி அவர் மேலும் பயந்து மேலும் விரைவாக மூச்சு விடுகிறார்.

இந்தச் சுழலை அவிழ்க்கும் முடிச்சு வெளிமூச்சில் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது; வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகசு நரம்பின் செயற்பாட்டால் சற்றுத் தணிகிறது. மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து மெதுவாக மூச்சு விட்டால் இந்த வேறுபாட்டைப் பலராலும் தாமாகவே உணர முடியும். இதைத் துணை நாடி வந்தவரின் கையிலேயே காட்டுவது நீண்ட விளக்கத்தைவிடப் பெறுமதியானது. தன் இதயத்தின் மீது தனக்கும் ஒரு பிடி இருக்கிறது என்பதை அவர் அப்போது முதன்முறையாக அறிகிறார்.

இந்த மண்ணின் அனுபவமும் ஆய்வுகளும்

உளநலத்துக்கு மூச்சைப் பயன்படுத்துவது நமக்கு இறக்குமதியான முறையன்று. போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும், மந்திர செபம், மூச்சைக் கவனித்தல், உடலைத் தளர்த்திக் கிடக்கும் சாந்தி ஆசனம், தியானம் ஆகிய மரபு முறைகளைச் சிகிச்சையோடு சேர்த்தார்கள். வந்தவரின் சமயத்துக்கு ஏற்ப, அவருக்குப் பழக்கமான சொல்லையே அவர்கள் பயன்படுத்தியது இன்றும் பின்பற்றத்தக்கது.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு நடந்ததை வரிசையாக எடுத்துரைக்கும் சிகிச்சையும், மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகளாக வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின் முதற்குழுவில் 81 சதவீதத்தினரும் இரண்டாம் குழுவில் 71 சதவீதத்தினரும் நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, சிகிச்சை பெறாத குழுவும் ஒப்பீட்டுக்கு இல்லை. ஆயினும் நம் பிள்ளைகளிடம், உள்ளூரில் பயிற்றப்பட்டவர்களைக் கொண்டே இது செய்யப்பட்டது. அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு சிகிச்சைகளுக்கு இணங்காத நாட்பட்ட மனவடுவுடைய 64 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் பத்துக் கிழமைகள் யோகம் செய்தவர்களில் 52 சதவீதத்தினர் நோயின் வரைவிலக்கணத்துக்கு வெளியே வந்தனர். நலக்கல்வி வகுப்புக்கு மட்டும் சென்றவர்களில் அது 21 சதவீதமாக இருந்தது. அந்த யோக வகுப்பில் கடினமான ஆசனங்கள் சிறப்பிடம் பெறவில்லை. எதைச் செய்வது, எதை விடுவது என்ற தெரிவு அந்தப் பெண்களிடமே இருந்தது. கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

முதற்படி: யாருக்கு, எது, எது கூடாது

பயிற்சியைத் தொடங்குமுன் ஓர் அமர்வு முழுவதையும் மதிப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். படபடப்பும் களைப்பும் தைரொயிட்டுக் கோளாறாலும், குருதிச்சோகையாலும், இதய நோயாலும் வரக்கூடும் என்பதால், வைத்தியர் பார்த்திருக்கிறாரா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேராகவே கேட்க வேண்டும். இருந்தால் அன்றைய அமர்வு அவருடைய பாதுகாப்பைப் பற்றியதாக மாறும், மூச்சுப் பயிற்சி பின்னுக்குப் போகும். இல்லாத குரல்கள் கேட்பவர்களுக்கும், மனவெழுச்சி அளவுகடந்து ஏறியிருப்பவர்களுக்கும் நீண்ட தியானமும் விரைந்த பிராணாயாமமும் நோயைக் கூட்டக்கூடும். அவர்களை மனநல வைத்தியரின் ஆலோசனையின்றிப் பயிற்சியில் சேர்க்கக் கூடாது. கபாலபாதி, பஸ்திரிகை போன்ற விரைவு மூச்சுகளை வலிப்பு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம். என் கருத்தில், மனவடுவோடு வரும் எவருக்குமே தொடக்கத்தில் அவை வேண்டியதில்லை. தலை கீழாகும் நிலைகளைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மருந்து எடுப்பவர் யோகம் செய்யத் தொடங்கியதற்காக ஒரு வில்லையைக்கூடத் தானாக நிறுத்தக் கூடாது என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டுக் கையேடுகள் போதிய அளவு சொல்லாதது. நம்மிடம் வருபவரின் உடம்புக்குத் தனி வரலாறு உண்டு. தடுத்து வைக்கப்பட்டு மூச்சுத் திணறடிக்கப்பட்டவர் இருக்கலாம். ஆழிப்பேரலையில் நீரில் மூழ்கி மீண்டவர் இருக்கலாம். விரலால் மூக்கை அடைத்துச் செய்யும் நாடிசுத்தி, உலகெங்கும் மிக மென்மையான பயிற்சி என்று கருதப்படுவது, இவர்களுக்கு அந்தக் கணத்தையே மீளக் கொண்டுவரக்கூடும். செல் (எறிகணை) விழும்போது நிலத்தில் குப்புறப் படுத்தே உயிர் தப்பிய தலைமுறைக்கு, முகம் கவிழ்ந்து பாயில் கிடக்கும் மகராசனம் ஓய்வாக இராது. இருண்ட அறையும் தாழ்ந்த கூரையும் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்த இரவுகளை நினைவூட்டலாம். கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவரின் தோள் மூட்டிலும் நரம்பிலும் நிரந்தரச் சேதம் இருக்கலாம். அவரிடம் கையை மேலே உயர்த்துமாறு சொல்வது வேதனையைத் தரும். இரும்புத் துண்டுகளை இன்னும் உடம்பில் சுமப்பவர்களும், காலை இழந்தவர்களும் நம்மிடையே பலர்.

இவற்றையெல்லாம் முதல் நாளிலேயே துருவிக் கேட்க வேண்டாம். உடம்பில் பாரம் கொடுக்கக் கூடாத இடம், அசைத்தால் நோகும் இடம், செய்ய விருப்பமில்லாத நிலை ஏதாவது உண்டா என்று பொதுவாகக் கேட்டால் போதும். காரணத்தை அவர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

இரண்டாம் படி: விளக்கமும் சம்மதமும்

செய்யப் போவது என்ன, எதற்காக, எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். யோகம் என்றாலே சமய வழிபாடு என்று எண்ணித் தயங்கும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். உடம்பைத் தளர்த்தும் பயிற்சி என்ற அளவில் சொல்லி, அவர்களுடைய செபத்தையோ, இறைவனை நினைந்து ஓதும் திக்ரையோ வேண்டுமானால் சேர்க்கலாம் என்று விளக்கினால் தயக்கம் நீங்கும். மறுபக்கத்தில், இந்துக்களிலும் எல்லோருக்கும் மந்திரம் ஆறுதல் தராது. பிள்ளையை இழந்த பின்னர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திய தாய்மார் உண்டு. கேட்டறியாமல் எதையும் அவர்கள் வாயில் வைக்காதீர்கள்.

உங்கள் மொழியை இந்தக் கட்டத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். "கண்ணை மூடு", "மூச்சைப் பிடி", "அசையாதே" என்ற ஏவல்கள் விசாரணையாளரின் மொழிக்கு மிக அண்மையில் நிற்பவை. "விருப்பமெண்டா கண்ணை மூடலாம், இல்லாட்டி நிலத்தைப் பாத்துக்கொண்டு இருங்கோ", "போதும் எண்டு நினைச்சா எப்பவும் நிப்பாட்டலாம்" என்று சொல்லும்போது கட்டுப்பாடு அவரிடம் திரும்புகிறது. உடல் நிலையைத் திருத்துவதற்காகத் தொடுவதை முற்றாகத் தவிர்த்து, நீங்களே செய்து காட்டுங்கள். கதவு அவருடைய பார்வையில் படும்படி கதிரையைப் போடுங்கள். நீங்கள் எழுந்து நடப்பதாயின் சொல்லிவிட்டு எழுங்கள்.

மூன்றாம் படி: நிலத்தில் ஊன்றுதல்

மூச்சுக்கு முன்னால் காலடி. பதற்றத்தில் இருப்பவரிடம் மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் பதற்றம் கூடும், ஏனெனில் அவர்களுடைய அச்சம் குடியிருப்பதே நெஞ்சுக்குள்தான். எனவே உடம்பின் ஓரத்திலிருந்து தொடங்குகிறோம். செருப்பைக் கழற்றி இரு பாதங்களையும் நிலத்தில் வைக்கச் சொல்லுங்கள். சீமெந்துத் தரையின் குளிர்ச்சி, கதிரையின் பின்புறம் முதுகில் படும் இடம், தொடையின் மேல் கிடக்கும் கைகளின் பாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்க வழிகாட்டுங்கள். குதிக்காலை மெதுவாக நிலத்தில் அழுத்தி விடுவதைச் சில தடவைகள் செய்யலாம். பின்னர் கண்ணைத் திறந்தபடியே அறையில் தெரியும் பொருட்களுக்குப் பெயர் சொல்லவும், வெளியில் கேட்கும் ஒலிகளை எண்ணவும் கேளுங்கள்: காகம், மின்விசிறி, வீதியில் போகும் மோட்டார் சைக்கிள். இன்று, இந்த இடத்தில், ஆபத்தில்லாமல் இருக்கிறேன் என்பதை உடம்பு வாசித்தறிய இந்த ஐந்து நிமிடங்கள் உதவுகின்றன.

சிலருக்கு முதல் இரண்டு மூன்று அமர்வுகள் இந்தப் படியோடே நின்றுவிடும். அதில் தவறேதுமில்லை, இது கைவராதவரை மேலே போக வேண்டாம்.

நான்காம் படி: வெளிமூச்சு

முதலில் மூச்சை மாற்றாமல் கவனித்தல். ஒரு கையை வயிற்றிலும் மற்றதை நெஞ்சிலும் வைத்து எது அசைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு மட்டுமே அசைந்தால் அது பிழையென்று சொல்ல வேண்டாம். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிய முறை அது என்று விளக்கி, வயிறும் மெல்ல அசைய இடம் கொடுக்கலாம் என்று மட்டும் கூறுங்கள்.

அதன் பின் வெளிமூச்சை நீட்டுதல். மூக்கால் இயல்பாக உள்ளே எடுத்து, உதடுகளைச் சற்றுக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதைப் போல மெதுவாக வெளியே விடச் செய்யுங்கள். எண்ணிக்கை விரும்புபவர் நான்கு எண்ணும் வரை உள்ளே எடுத்து ஆறு எண்ணும் வரை வெளியே விடலாம். ஓர் எண் ஏறக்குறைய ஒரு விநாடியாயின் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சுக்கு ஏற்ப இதயத் துடிப்பு ஏறி இறங்கும் அசைவு பெரும்பாலானவர்களுக்கு இந்த வேகத்தை ஒட்டியே மிகுதியாக இருக்கிறது. பதற்றத்தோடு வருபவரின் மூச்சு நிமிடத்துக்கு இருபதையும் தாண்டி ஓடக்கூடும். ஆகவே அவரை ஆறுக்கு இழுத்து வராதீர்கள். மூன்று எடுத்து நான்கு விடுவதிலிருந்து தொடங்கி, பல நாட்களில் படிப்படியாக இறங்கினால் போதும். தலை சுற்றினால் அவர் மிக ஆழமாக இழுக்கிறார் என்று பொருள். சிறிதாக இழுக்கச் சொல்லுங்கள், அல்லது எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகத்தைப் பற்றி ஒரு சொல். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சை உள்ளே எடுக்கும் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 என்று மாத்திரை (கால அளவு) வகுக்கிறது. அது குருவின் பார்வையில் நெடுங்காலம் பழகும் சாதகருக்குரிய கணக்கு. உள்ளே எடுப்பதிலும் வெளியே விடுவது நீண்டிருக்க வேண்டும் என்ற பகுதியை மட்டும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள அறுபத்து நான்கை முழுவதாக விட்டுவிடுகிறோம். அச்சத்தில் உறைந்தவர் ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கு விடத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். கோயிலிலோ யோக வகுப்பிலோ கும்பகம் பழகியவர்கள் தம் திறமையைக் காட்ட விரும்பக்கூடும். அவர்களையும் சிகிச்சைக் காலத்தில் இதிலிருந்து மரியாதையோடு விலக்கி வைப்பது நல்லது.

எண்ணுவதே சுமையாகிறவர்களுக்கு ஒலி உதவும். வாயை மூடி 'ம்' என்று முனகியபடி மூச்சை விடும் பிரமரியில் வெளிமூச்சு தானாக நீள்கிறது. நெஞ்சிலும் முகத்திலும் ஏற்படும் அதிர்வைக் கவனத்துக்குப் பிடித்துக்கொள்ளலாம். காதை விரலால் அடைக்க வேண்டியதில்லை. ஓங்காரம் விரும்புபவர் அதையும், செபமாலை சொல்லிப் பழகியவர் அதன் ஒரு வரியையும் வெளிமூச்சோடு இணைத்துச் சொல்லலாம். வயது முதிர்ந்த அம்மாமாருக்குத் தேவாரத்தின் ஓரடியை இழுத்துப் பாடுவதே மிகச் சிறந்த மூச்சுப் பயிற்சியாக அமைவதை நான் மகிழ்ச்சியோடு பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: உடலசைவு

பாய் விரிப்பதற்கு முன் கதிரையிலேயே தொடங்குங்கள். சேலையோடு வரும் பெண்களுக்கும், முழங்கால் நோவுள்ளவர்களுக்கும், செயற்கைக் கால் அணிந்தவர்களுக்கும் அதுவே வசதி. மூச்சை எடுத்துக்கொண்டு தோள்களைக் காதை நோக்கி உயர்த்தி, மூச்சை விட்டபடி அவற்றை விழ விடுதல். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் திருப்பிக்கொண்டு வருதல். கைகளை முழங்காலில் வைத்து, மூச்சை எடுக்கையில் நெஞ்சை முன்னே கொண்டுவந்து, விடுகையில் முதுகைக் கூனாக்குதல். இம்மூன்றையும் மூச்சின் வேகத்திலேயே செய்யும்போது, நாரியிலும் பிடரியிலும் ஆண்டுக்கணக்காக இறுகிக் கிடக்கும் தசைகள் முதலில் நடுங்கி, பிறகு இளகும். நடுக்கம் வரலாம் என்று முன்பே சொல்லி வைத்தால் அவர் பயப்பட மாட்டார்.

எழுந்து நிற்பதற்குத் தாடாசனம் போதுமானது. பாதங்களை இடுப்பகலம் விரித்து, பாரத்தை இரு கால்களுக்கும் பகிர்ந்து, முழங்கால்களை விறைக்க விடாமல் நிற்கச் செய்து, தன் உயரத்தை உணர விடுங்கள். அவமானத்தையும் தோல்வியையும் சுமந்து தோள் குறுகி வாழ்ந்தவர் நிமிர்ந்து நிற்கும்போது சில வேளைகளில் அழுகை வரும். அந்த அழுகைக்கு விளக்கம் கேட்க வேண்டாம். கூடவே நின்றால் போதும். கால்களை அகட்டி ஊன்றி நிற்கும் வீரபத்திராசனத்தின் எளிய வடிவம், எதிர்த்து நிற்க முடியாமற்போன ஒருவருக்குத் தன் பலத்தை மீண்டும் காட்டக்கூடியது. ஆனால் இராணுவப் பயிற்சியின் நினைவுள்ளவர்களிடம், குறிப்பாக முன்னாள் போராளிகளிடம், இதைக் கேட்டறிந்த பின்னரே பயன்படுத்துங்கள்.

முடிவில் ஓய்வு. சவாசனம் என்ற பெயரைச் சொல்லாமல் சாந்தி ஆசனம் என்றே இங்கு வழங்குவது வழக்கம். பிணங்களுக்கிடையே நடந்து வந்தவர்களிடம் அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மல்லாந்து கிடப்பது பாதுகாப்பற்றதாகத் தோன்றினால் ஒருக்களித்துப் படுக்கலாம், சுவரில் முதுகைச் சாய்த்து இருக்கலாம், போர்வையொன்றை மேலே போட்டுக்கொள்ளலாம். மூன்று நிமிடத்துக்கு மேல் முதலில் நீட்ட வேண்டாம். நீண்ட மௌனத்தில் சிலருக்குப் படங்கள் ஓடத் தொடங்கும் என்பதால் இடையிடையே உங்கள் குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஆறாம் படி: பேச்சோடு பின்னுதல்

இவ்வளவு ஆயத்தமும் இதற்காகத்தான். துலாவில் வாளியை இறக்குபவர் கயிற்றில் பிடியை விடாமல் இறக்கி, கொஞ்சம் நீர் மொண்டதும் மேலே எடுப்பதுபோல, நினைவுக்குள் சிறிதளவு இறங்கி உடனே உடம்புக்குத் திரும்ப வேண்டும். முழுக் கதையையும் ஒரே அமர்வில் கொட்ட விடுவது வந்தவருக்கு ஆறுதலாகத் தோன்றினாலும், அன்றிரவு நித்திரையின்றித் தவிப்பவர் அவரே. அடுத்த கிழமை அவர் வராமலும் போகலாம்.

ஒரு மணித்தியால அமர்வை இப்படி அமைக்கலாம். முதற்பகுதியில் நிலத்தில் ஊன்றுதலும் சில நிமிட வெளிமூச்சும், நடுப்பகுதியில் பேச்சு, கடைசி 15 நிமிடம் அசைவும் ஓய்வும், வீடு திரும்பும் ஆயத்தமும். நடுப்பகுதியில் நீங்கள் அவருடைய சொற்களைக் கேட்கும் அதே வேளையில் உடம்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்: மூச்சு மேலேறுகிறதா, கை இறுகுகிறதா, குரல் மங்குகிறதா, பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கிறதா?

எடுத்துக்காட்டாக, 1995 இடப்பெயர்வின்போது தன் தகப்பனை வழியில் விட்டுவர நேர்ந்த பெண்ணொருவரை எண்ணிக்கொள்வோம். நாவற்குழிப் பாலம் வரை சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே நின்றுவிடுகிறார்; "நெஞ்சுக்குள்ள கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்கிறார். மேற்கொண்டு என்ன நடந்தது என்று இப்போது கேட்கக் கூடாது. "கதையை இதில கொஞ்ச நேரம் வைச்சிருப்பம் அம்மா, அது ஓடிப்போகாது. இப்ப கால் ரெண்டும் நிலத்தில முட்டிக்கொண்டிருக்கிறது தெரியுதே?" என்று பாதத்துக்கு அழைத்து வருகிறோம். சில வெளிமூச்சுகளுக்குப் பின் அந்தக் கல்லைப் பற்றியே கேட்கலாம்: எவ்வளவு பெரிது, அசைகிறதா, ஓரங்களில் ஏதாவது இளக்கம் தெரிகிறதா? பாரம் சற்றுக் குறைந்தது என்று அவரே சொன்ன பின்னர், மேலே சொல்ல விருப்பமா, இன்றைக்கு இவ்வளவும் போதுமா என்ற தெரிவை அவரிடம் கொடுக்கிறோம். அன்று அவர் பாலத்தைத் தாண்டாமலே வீடு போகலாம். ஆனால் நினைவைத் தொட்டுவிட்டுக் குலையாமல் திரும்ப முடிந்தது என்ற அனுபவம் அவரோடு போகிறது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பதறி, வியர்த்து, விரைவாக மூச்சு விடுபவருக்கு வெளிமூச்சும் மெதுவான அசைவும் மருந்து. ஆனால் சிலர் எதிர்ப்புறமாகப் போவார்கள்: முகம் வெளிறி, பார்வை வெறுமையாகி, கேட்பதற்குப் பதில் தாமதித்து, இங்கே இருந்துகொண்டே இல்லாமற்போவார்கள். அவர்களை மேலும் தளர்த்துவது இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிடும். அப்போது மூச்சை நிறுத்திவிட்டு உடம்பை எழுப்ப வேண்டும். எழுந்து நிற்கச் செய்து, பாதங்களை நிலத்தில் தட்டச் செய்து, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, பெயர் சொல்லி அழைத்து, இன்றைய திகதியையும் இடத்தையும் சேர்ந்து சொல்லுங்கள். இந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறிவதே இத்துறையில் நாம் கற்க வேண்டிய மிகப் பெரிய திறன் என்று நான் கருதுகிறேன். மற்றவை பயிற்சியால் தாமாக வரும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு

இவர்களோடு பணியாற்றும்போது அமைதியை இலக்காக வைக்காதீர்கள். மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்கு அமைதி அடைவது அவனைக் கைவிடுவதாகத் தோன்றும். தளர்வுப் பயிற்சியில் நெஞ்சு இலேசானவுடன் குற்றவுணர்வு கொண்டு எழுந்துவிடுபவர்களும் இருப்பார்கள். தேடுவதற்கும், அலுவலகங்களுக்கு ஏறி இறங்குவதற்கும், போராட்டப் பந்தலில் இருப்பதற்கும் உடம்பு வேண்டும், அந்த உடம்பைப் பேணுவதற்கே இந்தப் பயிற்சி என்று சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள், அது உண்மையும்கூட. "போனதை மறந்து மூச்சைக் கவனியுங்கள்" என்ற வகைப் பேச்சு அவர்களுடைய நீதிக்கான கேள்வியைத் தனிப்பட்ட நோயாகச் சுருக்கிவிடும். ஒரு சிகிச்சையாளர் அதைச் செய்யக் கூடாது. இவர்களுக்குக் குழுவாகச் செய்வது தனியாகச் செய்வதைவிடப் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. ஒரே துயரைச் சுமப்பவர்கள் ஒன்றாக மூச்சு விடும்போது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை.

வீட்டுப் பயிற்சி

நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரே ஒரு பயிற்சி. அரை மணித்தியாலம் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்; செய்யவில்லை என்ற குறை வேறு சேரும். ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஒன்றோடு அதை முடிச்சுப் போட்டுவிடுங்கள்: காலையில் தேநீர் கொதிக்கும் வரை, மாலையில் விளக்கேற்றிய பின், இரவு பிள்ளைகள் படுத்த பின். வயிறு நிறைய உண்ட உடனே வேண்டாம். பெண்களுக்கு வீட்டில் தனியிடம் கிடைப்பது அரிது. கிணற்றடியிலோ குசினியில் நின்றபடியோ யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய வெளிமூச்சைக் கற்றுக்கொடுப்பது அதனால்தான் முக்கியம். பதற்றம் ஏறிய நேரத்தில் மட்டும் செய்தால் அது கைகொடுக்காது. அமைதியான நேரத்தில் பழகியதே நெருக்கடியில் வரும். கொப்பியொன்றில் செய்யுமுன் பதற்றம் பத்துக்கு எத்தனை, செய்தபின் எத்தனை என்று இரண்டு எண்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். யூரியூப்பைப் பார்த்துப் புதிய பிராணாயாமங்களைச் சேர்க்க விரும்புபவர்களிடம், அடுத்த அமர்வில் சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மீளாய்வும் மேலதிக உதவியும்

நான்கு அல்லது ஐந்து அமர்வுகளுக்கு ஒருமுறை அந்தக் கொப்பியோடு அமர்ந்து, நித்திரை, கெட்ட கனவு, திடுக்கிடல், கோபம், வீட்டு வேலை, ஆட்களோடு பழகுதல் ஆகியவற்றில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பயிற்சியின்போது நன்றாக இருந்தும் வாழ்க்கையில் எதுவும் அசையவில்லையென்றால், சிகிச்சை முறையை மாற்றுவது பற்றி உங்கள் மேற்பார்வையாளரோடு கதைக்க வேண்டும். பயிற்சிக்குப் பிறகு கனவுகள் கூடினால், நினைவு வெள்ளமாக வந்தால், ஆள் மேலும் ஒதுங்கினால், ஒரு படி பின்னே போய் நிலத்தில் ஊன்றுதலோடு நில்லுங்கள். தற்கொலை எண்ணம், குரல் கேட்டல், பல நாட்கள் உண்ணாமல் உறங்காமல் இருத்தல், மது அல்லது போதையை நிறுத்தியதும் வரும் நடுக்கமும் குழப்பமும் ஆகியவை தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அனுப்புங்கள், முடிந்தால் கூடவே செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை, வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுக்கும் அதே தாளில் மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இத்தகைய அமர்வுகளை அடுத்தடுத்து வைக்காமல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் குறைந்தது பத்து நிமிட இடைவெளி விடுங்கள். அந்த நேரத்தில் குறிப்பு எழுதுவதற்கு முன், நீங்களும் எழுந்து நின்று, தோளை உயர்த்தி விழ விட்டு, நான்கு எடுத்து ஆறு விட்டுக்கொள்ளுங்கள்.